கேம் விளையாடினால் குழந்தையின் பார்வை தேறுமா? யாருக்கு, எப்படி, எவ்வளவு நேரம்

தேறும், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இல்லை. சோம்பேறிக் கண் உள்ள, அதாவது கண்ணாடி போட்டும் ஒரு கண் மட்டும் சரியாகத் தெரியாத குழந்தைக்கு, கண்ணாடியும் கண் மறைக்கும் பேட்சும் முறையாகப் போட்ட பிறகு, கேம் நன்றாகவே கைகொடுக்கும். கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்கு எந்த கேமும் பவரைக் குறைக்காது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற குழந்தைக்குப் பார்வைக்காக என்று கேம் வாங்கித் தர வேண்டிய தேவையே இல்லை.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். குழந்தைகளின் கண்களைப் பரிசோதிப்பதுதான் என் அன்றாட வேலை. என் அறையில் எழுத்து சார்ட்டுக்குக் கீழே ஒரு டிவியும் இரண்டு கேம் கன்ட்ரோலரும் இருக்கின்றன. அதைப் பார்த்ததுமே சில பெற்றோருக்கு முகம் மாறிவிடும்: "மேடம், நாங்க வீட்டுல போனைப் பிடுங்கி வைக்கிறோம், நீங்க இங்க கேம் போட்டுக் கொடுக்கிறீங்களே?" நியாயமான கேள்விதான். அவர்களுக்கு நான் சொல்வதை முழுசாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன குறை என்று தெரிய வேண்டும்

பிறக்கும்போது குழந்தையின் கண் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வளர்ந்து முடிக்கும்போது ஏறக்குறைய 24. இந்த வளர்ச்சி அளவோடு நிற்காமல் மேலும் நீண்டுகொண்டே போனால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் அதிகமாக வளர்ந்தாலே மைனஸ் பவர் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடுகிறது. நீண்டுவிட்ட கண்ணை எந்த விளையாட்டாலும் சுருக்க முடியாது. "பத்து நாளில் கண்ணாடியைக் கழற்றலாம்" என்று விளம்பரம் செய்யும் ஆப்களை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளி வைத்துவிடலாம்.

சோம்பேறிக் கண் வேறு சங்கதி. மருத்துவ ஃபைலில் ஆம்ப்ளியோபியா என்று எழுதியிருக்கும். கண்ணின் அமைப்பில் பெரும்பாலும் கோளாறு எதுவும் தெரியாது. சரியான கண்ணாடியும் போட்டாகிவிட்டது. அப்படியும் ஒரு கண்ணால் மட்டும் சார்ட்டில் மூன்றாவது வரிக்குக் கீழே போக முடியவில்லை. மாறுகண்ணாலோ, இரண்டு கண்ணின் பவருக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசத்தாலோ, பிறவிக் கண்புரையாலோ சின்ன வயதில் அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குத் தெளிவான படம் போகவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கதை சொன்னால் ஒருவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்வோம் அல்லவா, மூளை அதைத்தான் செய்கிறது. மங்கலாகச் சொல்கிற கண்ணை அது கேட்பதே இல்லை.

1960களில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அப்படி நேரவில்லை. பார்வை குறித்த இந்த ஆராய்ச்சிகளுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதில் முக்கியம் இந்த ஒரு விஷயம்தான்: சின்ன வயதில் மூளையின் இணைப்புகள் எளிதில் கெடும், அதே வயதில் எளிதில் சீராகவும் செய்யும். கேம் வேலை செய்யக்கூடிய இடம் இதுதான்.

நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு சோம்பேறிக் கண் இருக்கிறது. இன்னொரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை ஓடும், படிக்கும், பந்து பிடிக்கும், ஒரு குறையும் சொல்லாது. வீட்டில் ஒரு எளிய சோதனை செய்து பாருங்கள். குழந்தை விருப்பமாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது, அழுத்தாமல் உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள், அப்புறம் மற்றதை. ஒரு பக்கம் மூடும்போது கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, இன்னொரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தள்ளிவிட்டாலோ, தலையைத் திருப்பிக்கொண்டாலோ, சீக்கிரமாகப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் மூன்று வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் நாள் கடத்தவே கூடாது. அது கண்ணுக்குள் கட்டி, புரை போன்றவற்றின் அடையாளமாக இருக்கலாம்.

பரிசோதனையின்போது சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்களா என்று கேளுங்கள். குழந்தைகளின் கண்ணுக்குள் இருக்கும் ஃபோகஸ் செய்யும் தசை மிகவும் வலுவானது, பிளஸ் பவரை அப்படியே மறைத்துவிடும். மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான எண் தெரியும். மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரமோ சில நாளோ வெளிச்சம் கூசும், பக்கத்து எழுத்து மங்கும், அவ்வளவுதான். மருத்துவர் விழித்திரையையும் பார்த்து, வேறு நோய் இல்லை என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

கண்ணாடிதான் முதல் மருந்து

கேமை நம்பி வருகிறவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போகிற படி இது. சரியான கண்ணாடியை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டாலே பலருடைய பார்வை தானாக ஏறுகிறது. இரண்டு கண்ணின் பவர் வித்தியாசத்தால் சோம்பேறிக் கண் வந்த, மூன்று முதல் ஏழு வயதுக்குள்ளான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால்வாசிக்கும் கொஞ்சம் அதிகமானோருக்குக் கண்ணாடியாலேயே முழுசாகச் சரியானது. பேட்சே தேவைப்படவில்லை. அதனால் கண்ணாடி போட்டு மூன்று நான்கு மாதம், பார்வை ஏறிக்கொண்டே போகும்வரை, காத்திருக்கச் சொல்வோம். ஏற்றம் நின்ற இடத்தில்தான் அடுத்த சிகிச்சை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு கேம் ஆடுவதில் அர்த்தமே இல்லை. மங்கலான படத்தை வைத்து மூளை எதைக் கற்றுக்கொள்ளும்?

பேட்ச் போட்டுக்கொண்டு விளையாடுவது எப்படி

நன்றாகத் தெரியும் கண்ணை மறைத்து, பலவீனமான கண்ணைத் தினமும் சில மணி நேரம் தனியாக உழைக்க வைப்பதுதான் பேட்ச் சிகிச்சை. மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போட்டாலும் ஆறு மணி நேரம் போட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. உங்கள் குழந்தைக்கு எத்தனை மணி என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். பார்வை மிகவும் குறைவாக இருந்தால் நேரம் கூடும்.

அந்த இரண்டு மணி நேரம்தான் வீட்டில் போர்க்களம். நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணால் பார் என்றால் எந்தக் குழந்தை ஒத்துக்கொள்ளும்? அழுகை, அடம், அம்மா போனைப் பார்க்கிற நேரம் பார்த்து பேட்ச் குப்பையில். கேம் இந்த இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. பேட்ச் போட்டிருப்பதையே குழந்தை மறக்கிறது. அதோடு பலவீனமான கண் சும்மா திறந்திருக்காமல் தேடுகிறது, குறிவைக்கிறது, நகர்வதைப் பின்தொடர்கிறது.

இதற்கு ஒரு சான்று உண்டு. 2011இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோஜர் லி, டெனிஸ் லெவி குழுவினர் சோம்பேறிக் கண் உள்ள 20 பேரை, பெரும்பாலும் பெரியவர்களை, நல்ல கண்ணை மூடிக்கொண்டு 40 மணி நேரம் கடையில் கிடைக்கும் சாதாரண கேம்களை ஆட வைத்தார்கள். சராசரியாக சார்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை வரி முன்னேற்றம். நல்ல கண்ணை மட்டும் மூடிக்கொண்டு டிவி பார்ப்பது, புத்தகம் படிப்பது என்று வழக்கமான வேலைகளை மட்டும் செய்தபோது அந்த முன்னேற்றம் வரவில்லை. சிறிய ஆய்வுதான், குழந்தைகளை வைத்துச் செய்ததும் இல்லை. ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை கேம் ஆடியவர்களுக்கும் பார்வை ஏறியது, நகரம் கட்டும் சிம்சிட்டி ஆடியவர்களுக்கும் ஏறியது. ஆகவே ஆறு வயதுப் பிள்ளையின் கையில் சுடுகிற கேமைக் கொடுக்க "கண்ணுக்கு நல்லது" என்ற சாக்கு வேண்டாம்.

சரி, இனி செய்முறை.

தோலில் நேரடியாக ஒட்டும் பேட்சையே வாங்குங்கள். அதை ஒட்டி, அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியின் மேல் மாட்டும் துணி உறை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூக்குப் பக்கமும் புருவத்தின் மேலும் வழி விட்டுவிடும். குழந்தைகள் அந்த வழியைக் கண்டுபிடிப்பதை நான் தினம் பார்க்கிறேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், பேட்ச் போட்டதும் முகத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்புவான், தாடை தோளைத் தொடும், கண்கள் மட்டும் டிவியில். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பேட்சின் மூக்கு ஓரம் நூல் அளவு எழும்பியிருக்கும். உள்ளே இமைமுடி அசைவது தெரியும். அவ்வளவு சின்ன இடைவெளி வழியாக அவன் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துவிடுவான், ஸ்கோரும் பிரமாதமாக இருக்கும். உங்கள் வீட்டில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஆட்டத்தின் நடுவே, திறந்திருக்கிற கண்ணின் முன்னால் உங்கள் கையை ஒரு நொடி வையுங்கள். "எனக்குத் தெரியலை" என்று கத்தினால் பேட்ச் சரியாக இருக்கிறது. ஆட்டம் அது பாட்டுக்குத் தொடர்ந்தால் இடைவெளி இருக்கிறது. திட்டாமல் திரும்ப ஒட்டிவிடுங்கள். நன்றாகத் தெரியும் கண்ணால் பார்க்க நினைப்பது யாருக்கும் இயல்புதான்.

எடுக்கும்போது ஓரத்தைத் தண்ணீரால் நனைத்து, மெதுவாக. தோல் சிவந்திருந்தால் அளவு சற்று மாறிய பேட்சைப் போடுங்கள், ஓரம் அதே இடத்தில் ஒட்டாது.

திரை எது என்றால், டிவி. இரண்டு மீட்டர் தள்ளி உட்காரலாம், குனிய வேண்டாம், நீங்களும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். பக்கத்தில் பார்த்துச் செய்யும் வேலைதான் கண்ணுக்கு அதிகப் பயிற்சி, அதனால் போனில்தான் ஆட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2008இல் 425 குழந்தைகளிடம் இதையே சோதித்தார்கள். பேட்ச் போட்டுக்கொண்டு பக்கத்து வேலை செய்தவர்களுக்கும் தூரத்து வேலை செய்தவர்களுக்கும் எட்டு வாரத்தில் வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க, போனை மூக்கின் மேல் வைத்துக்கொள்ளவிடுவானேன்? டிவி இல்லாத வீட்டில் டேப்லெட் சரி. ஸ்டாண்டில் நிறுத்தி, குழந்தையின் முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை உள்ள தூரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அறை விளக்கு எரியட்டும்.

கேமைத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசிக்க வேண்டும். பலவீனமான கண் இப்போது எவ்வளவு சிறிய பொருளை அடையாளம் காண்கிறதோ, அதைவிடச் சற்றுப் பெரிய பொருள்கள் உள்ள கேமில் ஆரம்பியுங்கள். சார்ட்டின் மேல் வரி மட்டுமே தெரிகிற குழந்தைக்குப் பெரிய வண்ணக் குமிழி, விழும் கட்டம், அகலமான பாதையில் ஓடும் கார் போதும். தொடர்ந்து தோற்றால் கண்ணும் கற்காது, குழந்தையும் வராது. பார்வை ஏற ஏற, படத்துக்குள் ஒளிந்திருப்பதைத் தேடுவது, சிக்கலான வழி கண்டுபிடிப்பது, சின்னச் சின்னத் துண்டுகளை வைத்துக் கட்டுவது என்று மாற்றிக்கொண்டே போங்கள். பொருள் பின்னணியோடு கலந்து மங்கலாக இருக்கும் கேம், பளிச்சென்ற கேமைவிடக் கண்ணைக் கூடுதலாக வேலை வாங்கும். வண்ணம் சிதறி மின்னிக்கொண்டே இருக்கிற, கண் எங்கேயும் நிற்க விடாத கேம்களை நான் தருவதில்லை.

முழு நேரத்தையும் கேமிலேயே கழிக்க வேண்டாம். முப்பது நாற்பது நிமிடம் கேம். மிச்சம் படத்துக்குள் வண்ணம் தீட்டுவது, மணி கோர்ப்பது, புள்ளிகளை இணைப்பது, கதைப் புத்தகம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கேம் இன்னும் குறைவு. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு, எந்தத் திரையானாலும் ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல். பேட்ச் போட்டிருக்கும்போது ஆழம் சரியாகத் தெரியாது. மாடிப்படி ஏறி விளையாடுவது, சைக்கிள் ஓட்டுவது கூடாது.

பழக்கத்தை இப்படி அமைத்தால் சண்டை குறையும்: பேட்ச் ஒட்டினால் டிவி ஆன், பேட்ச் கழன்றால் டிவி ஆஃப். கோபம் வேண்டாம், பேச்சுவார்த்தையும் வேண்டாம். பேட்ச் இல்லாத கேம் என்று ஒன்று வீட்டில் இருக்கவே கூடாது. இருந்தால் குழந்தை அதற்காகத்தான் காத்திருக்கும். அண்ணன், அக்கா, அப்பா யாராவது தாங்களும் ஒரு பேட்ச் ஒட்டிக்கொண்டு கூட ஆடினால் அதுபோல ஒன்று கிடையாது. மாறுகண் உள்ள ஒரு சிறுமியின் அப்பா, அவள் கேட்டதற்காக ஒரு கண்ணில் பேட்ச் ஒட்டிக்கொண்டு என் அறையிலேயே உட்கார்ந்து ஆடினார். பந்து எங்கே வருகிறது என்று தெரியாமல் அவர் தடவ, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த முறை வந்தபோது, "நான் ஒட்டலைன்னா அப்பா தோத்துட்டே இருப்பாரு" என்று அவளே பேட்சை எடுத்து நீட்டினாள்.

பேட்ச் போட்ட நேரம், எடுத்த நேரம், ஆடிய கேம், மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த பரிசோதனையில் பார்வை ஏறவில்லை என்றால், சிகிச்சை பலிக்கவில்லையா அல்லது பேட்ச் போடவே இல்லையா என்பது அந்த நோட்டில்தான் தெரியும். வீட்டில் சார்ட் ஒட்டித் தினமும் படிக்க வைக்காதீர்கள். குழந்தைகள் கடைசி வரி வரை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விளக்கைப் போடும் முன்பே எனக்கு வரிசையாக ஒப்பித்த பிள்ளைகள் உண்டு.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கேம் பிடித்துப்போய்க் குழந்தையே "இன்னும் கொஞ்ச நேரம் பேட்ச் போட்டுக்கறேன்" என்று கேட்கும். பெற்றோருக்கும் சந்தோஷமாக இருக்கும். சொன்ன நேரத்துக்கு மேல் நீங்களாக நீட்டாதீர்கள். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை இறங்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு கண்ணையும் பார்க்கிறோம். பேட்ச் ஒட்டியதும் திறந்த கண் ஊசலாடுவது போல ஆடினாலோ, புதிதாக மாறுகண் தெரிந்தாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று சொன்னாலோ, நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். பேட்ச் எதற்கும் ஒத்துவராத குழந்தைகளுக்கு, நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து உண்டு. மிதமான குறைக்கு அது பேட்சுக்கு இணையாகவே வேலை செய்கிறது. அதோடும் கேம் ஆடலாம். மருந்தை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

ஏழு வயது தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பப்பட்ட குழந்தைகள் இன்னமும் என்னிடம் வருகிறார்கள். மனசு வலிக்கும். 2005இல் வெளியான பெரிய ஆய்வில், 7 முதல் 12 வயதுக் குழந்தைகளில் பேட்ச், சொட்டு மருந்து இரண்டையும் கண்ணாடியோடு சேர்த்துப் பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது, உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையையும் கைவிட வேண்டியதில்லை. அந்த வயதுப் பிள்ளைகளிடம்தான் கேம் இன்னும் நன்றாக எடுபடுகிறது.

இரண்டு கண்ணுக்கும் வேறுவேறு படம் காட்டும் கேம்கள்

இவை சிகிச்சைக்கென்றே செய்யப்பட்டவை. சிவப்பு-பச்சைக் கண்ணாடியோ தலையில் மாட்டும் திரையோ போட்டுக்கொண்டால், ஒரு கண்ணுக்கு விழும் கட்டம் மட்டும் தெரியும், இன்னொரு கண்ணுக்குக் கீழே அடுக்கியிருக்கும் கட்டங்கள் மட்டும் தெரியும். நல்ல கண்ணுக்குப் போகும் படத்தை மங்கலாக்கி விடுவார்கள். இரண்டையும் மூளை சேர்த்துப் பார்த்தால்தான் ஆட முடியும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெஸ் குழுவினர் விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேமை இப்படி மாற்றி, 2013இல் பெரியவர்களிடம் நல்ல பலன் கண்டார்கள். கண்ணை மூடவே வேண்டாம் என்பதால் எங்கள் துறையில் எல்லோருக்கும் உற்சாகம்.

குழந்தைகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது அந்த உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. 2016இல் வெளியான ஆய்வில் 5 முதல் 12 வயது வரையிலான 385 குழந்தைகள். ஒரு பாதிக்கு ஐபேடில் தினம் ஒரு மணி நேரம் இந்த கட்ட கேம், மறுபாதிக்கு இரண்டு மணி நேரம் பேட்ச். கேம், பேட்சை மிஞ்சவில்லை, அதற்கு இணை என்றும் காட்ட முடியவில்லை. சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஆடியவர்கள் 22 சதவீதம் பேர்தான். ஒரே கட்டம் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தால் எந்தக் குழந்தை பதினாறு வாரம் ஆடும்? பிறகு சுவாரஸ்யமாகச் செய்யப்பட்ட டிக் ரஷ் என்ற கேமை 7 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களைவிட அவர்களுக்கு அதிக முன்னேற்றம் இல்லை.

கேமை விட்டுவிட்டு, குழந்தைகளுக்குப் பிடித்த நிகழ்ச்சிகளையே இரண்டு கண்ணுக்கும் மாற்றிக் காட்டும் முறை நன்றாக வந்திருக்கிறது. லூமினோபியா என்ற தலையில் மாட்டும் கருவியை 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021இல் அனுமதித்தது. 105 குழந்தைகளின் ஆய்வில், வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்து 12 வாரம் பார்த்தவர்களுக்கு 1.8 வரி முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8 வரி. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே பயன்படுத்தக்கூடிய கருவி அது.

இதே பாணியில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் ஆப்கள் நிறைய உண்டு. பரிசோதிக்கிறவரைக் கேட்காமல் அவற்றை ஆரம்பிக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். மாறுகண் உள்ள கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு, ஒரு கண்ணை மூளை ஒதுக்கி வைத்திருப்பதால்தான் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. அந்த ஒதுக்கலை மட்டும் கலைத்துவிட்டு, கண்கள் நேராகாமலே நின்றால், எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும் நிலை வரலாம். அதைத் திரும்பச் சரிசெய்வது கடினம்.

கிட்டப்பார்வைக்கு என்ன செய்யலாம்

வெளியே அனுப்புங்கள். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே தினம் 40 நிமிடம் வெளியில் இருக்கும் வகுப்பு ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று வருடம் கழித்து அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான முடிவு இது. தைவானில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வைக்கும் திட்டத்தைப் பள்ளிகளில் நடத்துகிறார்கள். பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைத்து, கண் நீள்வதை மெதுவாக்குகிறது என்பதே இப்போது பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ஓட வேண்டும் என்றுகூட இல்லை, மரத்தடி நிழலில் உட்கார்ந்திருந்தாலும் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம். பவர் வேகமாக ஏறும் குழந்தைக்குக் குறைந்த அளவு அட்ரோபின், சிறப்புக் கண்ணாடிகள் என்று வழிகள் இருக்கின்றன. மருத்துவரிடம் கேளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்ப்பது கண் சோர்வைக் குறைக்கும், அதைச் செய்யலாம், பவர் ஏறுவதை அது நிறுத்தாது.

நல்ல பார்வை உள்ளவர்கள் அதிரடி கேம் ஆடினால் மங்கலான வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் கூடுகிறது என்று டாஃப்னே பாவெலியர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2009இல் காட்டினார்கள். ஆடியவர்கள் பெரியவர்கள், ஆடியது பெரியவர்களுக்கான சண்டை கேம். அதைப் பிள்ளைகளுக்குப் பொருத்த நான் தயாரில்லை.

படிக்கும்போது எழுத்து ஓடுகிறது, நெற்றி வலிக்கிறது என்று சொல்லும் குழந்தைக்கு, இரண்டு கண்ணும் உள்நோக்கிக் குவிவதில் குறை இருக்கலாம். அதற்குக் கிளினிக்கில் வாராவாரம் கொடுக்கும் பயிற்சி நல்ல பலன் தருகிறது, கணினி விளையாட்டுகளும் அதில் ஒரு பகுதி. வீட்டில் தனியாக ஆப் வைத்துச் செய்வது அதற்கு ஈடாகாது. வலிப்பு வந்த குழந்தையென்றால் எந்த கேமையும் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

சரியான பிறகு

பார்வை ஏறி நின்றதும் பேட்சை ஒரேயடியாக நிறுத்துவதில்லை, குறிப்பாக நீண்ட நேரம் போட்டு வந்தவர்களுக்கு. நேரத்தைப் படிப்படியாகக் குறைப்போம். நிறுத்திய முதல் வருடத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். இறங்கினால் சில வாரம் மறுபடி பேட்ச், மறுபடி அதே கேம், பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். கண்ணாடி மட்டும் எப்போதும் போல. தம்பி தங்கை இருந்தால், அவர்களுக்கும் இந்தக் குறை இருக்கச் சாத்தியம் அதிகம். அடுத்த முறை வரும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.